காய்ச்சலும் பாய்ச்சலும், மூளைக்காய்ச்சலும்

குதிரை தீனி எடுக்காமல் நிற்கும், காய்ச்சல் அடிக்கும், நடக்கவிட்டால் தள்ளாடும், முற்றினால் விழுந்து செத்தும் போகும். சினைப்பன்றி செத்த குட்டி போடும். குழந்தைக்குக் கடும் காய்ச்சல், வலிப்பு, நினைவு தப்பும். மூன்றுக்கும் ஒரே வைரஸ் காரணமாக இருக்கலாம்: ஜப்பானிய மூளைக்காய்ச்சல். பெயர்தான் ஜப்பான். நம் நாட்டில் மனிதர்களிடம் இது முதலில் கண்டறியப்பட்டது 1955இல், நம்ம வேலூர்ப் பக்கம்தான்.

நெல் போடுகிறவர்கள் இதைத் தெரிஞ்சுக்கணும். ஏன்னா, இதைப் பரப்பும் கியூலெக்ஸ் வகைக் கொசு சாக்கடையைத் தேடுவதில்லை. தண்ணீர் கட்டிய நெல்வயலில்தான் அதிகம் முட்டையிடும். பொழுது சாய்ந்தபின் கடிக்கும்.

வைரஸ் இயல்பாக இருப்பது கொக்கு, நாரை போன்ற நீர்ப்பறவைகளிடம். அங்கிருந்து கொசு வழியாகப் பன்றிக்குப் போகும். வங்கி பாஷையில் சொன்னால், பன்றி வட்டி போட்டுப் பெருக்கும் கணக்கு. குதிரையும் மனிதரும் அங்கேயே முடிந்துபோகும் கணக்கு. அவர்கள் ரத்தத்தில் அடுத்த கொசுவுக்குத் தொற்றும் அளவு வைரஸ் பெருகாது. ஆகவே நோய் வந்த குதிரையையோ குழந்தையையோ ஒதுக்கி வைக்க வேண்டியதே இல்லைங்க. மாட்டை இந்தக் கொசு விரும்பிக் கடிக்கும். ஆனால் மாட்டிடமும் வைரஸ் பெருகுவதில்லை.

வயலில் என்ன செய்யலாம்? முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் ஆகும். அதற்குள் வயலைக் காயவிட்டால் புழு செத்துவிடும். நம்ம பெரியவங்க சொன்ன காய்ச்சலும் பாய்ச்சலும் இதேதான். தண்ணீரும் மிச்சம். ஆனால் ஒருத்தர் வயல் காய்ந்து பக்கத்து வயலில் தண்ணீர் நின்றால் பயனில்லை. ஒரு மடைக்காரர்கள் எல்லாரும் பேசி ஒன்றாகச் செய்யணும்.

மதுரைப் பகுதி வயல்களில் நடந்த ஆய்வில், யூரியா போட்ட வயலில் கொசுப்புழு கூடியது தெரிந்தது. அதற்காக இயற்கை வயலில் கொசு வராது என்று நாம் மார்தட்ட முடியாது. நிற்கிற தண்ணீர் எல்லாருக்கும் ஒன்றுதான். பன்றிக்கொட்டில் வீட்டை விட்டுத் தள்ளி இருக்கட்டும். இரவில் கொசுவலை கட்டுங்கள்.

ஒன்றை ஒளிக்காமல் சொல்கிறேன். இந்த வைரஸைக் கொல்ல மருந்து கிடையாது, கஷாயமும் கிடையாது. தொற்றிய பலருக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் மூளையைத் தாக்கிவிட்டால் நூற்றுக்கு இருபது, முப்பது பேர் இறக்கிறார்கள்; பிழைத்தவர்களிலும் பலருக்குக் கை கால், பேச்சு, அறிவு பழையபடி திரும்புவதில்லை. தடுப்பூசி இருக்கு. நோய் காணப்படும் மாவட்டங்களில் அரசே குழந்தைகளுக்கு 9 மாதத்தில் ஒன்று, ஒன்றரை வயதையொட்டி ஒன்று என இலவசமாகப் போடுகிறது. "நாங்க இயற்கை விவசாயிங்க, ஊசி வேண்டாம்" என்று யாரும் இதைத் தட்டிக்கழிக்காதீங்க. விஷமில்லாத சோறு பிள்ளைக்கு அவசியம். இந்த ஊசியும் அவசியம். உங்கள் மாவட்டத்தில் போடுகிறார்களா என்று ஊர் செவிலியரிடம் இந்த வாரமே கேட்டுவிடுங்கள்.