ஒருவர் பெயரில் ஒரு விளைவு

ஒரே நிறமுடைய ஒளிக்கற்றை ஒரு பொருளின் மூலக்கூறுகளில் பட்டுச் சிதறும்போது, அதில் மிகச் சிறு பகுதி மூலக்கூறுகளுக்கு ஆற்றலைக் கொடுத்தோ அவற்றிடமிருந்து பெற்றோ நிறம் மாறி வெளிவரும் நிகழ்வே ராமன் விளைவு. 1921இல் கப்பலில் சென்ற சி. வி. ராமன் மத்தியதரைக் கடலின் நீலத்தில் வியந்தது முதல் 1930இல் நோபல் பரிசு பெற்றது வரை, இதன் வரலாறு நெடுங்காலம் தனியொரு மேதையின் கதையாகவே பாடநூல்களில் சொல்லப்பட்டுவந்தது.

இக்கதையைப் பெரிதும் மாற்றியது, வத்திராயிருப்பில் பிறந்து கல்கத்தாவில் ராமனிடம் ஆய்வு செய்த கே. எஸ். கிருஷ்ணனின் நாட்குறிப்பாகும். 1928 பிப்ரவரியில் அவர் எழுதிய குறிப்புகளை ஆராய்ந்து டி. சி. வி. மல்லிக் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரை, கண்டுபிடிப்பு நாளாகச் சொல்லப்படும் பிப்ரவரி 28 என்ற ஒற்றை நாளுக்குப் பதிலாக, தூய்மையாக்கப்பட்ட திரவங்களை ஒன்றன்பின் ஒன்றாகச் சோதித்த மூன்று வார உழைப்பை முன்வைத்தது. கல்கத்தாவில் ராமனிடமே ஆய்வு செய்த கே. ஆர். ராமநாதன் 1923இல் நிறம் மாறிய இவ்வொளியைக் கண்டிருந்தும், அது திரவத்தின் மாசால் எழும் ஒளிர்வு என்றே அப்போது கருதப்பட்டது. கிருஷ்ணனுக்கு நியாயம் வேண்டுவோர் பெரும்பாலும் சொல்லாமல் விடும் செய்தியும் அந்நாட்குறிப்பிலேயே உண்டு: பிப்ரவரி 7ஆம் நாள் அவர் கண்டதை, இயற்பியலாளர்கள் கிராமர்ஸும் ஹைசன்பர்கும் குவாண்டம் கோட்பாட்டின் வழி முன்னறிவித்திருந்த சிதறலாக அன்றே இனங்கண்டவர் ராமன்தான். எனவே அக்குறிப்பு ராமனின் பங்கைக் குறைப்பதைவிட, அப்பங்கு எத்தகையது என்பதையே தெளிவாக்குகிறது எனலாம்.

ஏறத்தாழ அதே வாரங்களில் மாஸ்கோவில் மண்டல்ஷ்டாமும் லாண்ட்ஸ்பெர்க்கும் குவார்ட்ஸ் படிகத்தில் இதே விளைவைக் கண்டனர். ஆனால் அவர்களுடைய கட்டுரை சில மாதங்கள் பிந்தியே அச்சேறியது. நோபல் குழுவின் ஆவணங்கள் 50 ஆண்டுகள் பூட்டிவைக்கப்படுபவை. அவை திறக்கப்பட்ட பின் 1998இல் ராஜிந்தர் சிங்கும் ஃபால்க் ரீஸும் அவற்றை ஆராய்ந்ததால், 1930ஆம் ஆண்டுப் பரிசுக்கு மண்டல்ஷ்டாமும் லாண்ட்ஸ்பெர்க்கும்கூடப் பரிந்துரைக்கப்பட்டிருந்தது தெரியவந்தது.

விளைவைப் பற்றி 1928 மார்ச் 31 தேதியிட்ட 'நேச்சர்' இதழில் வெளிவந்த முதல் குறிப்பில் ராமன், கிருஷ்ணன் இருவர் பெயரும் இருந்தன. ராமன் தம் நோபல் உரையிலும் ராமநாதன், வெங்கடேஸ்வரன், கிருஷ்ணன் ஆகிய தம் உடன் ஆய்வாளர்களைப் பெயர் சொல்லியே குறிப்பிட்டார். அப்பெயர்கள் உதிர்ந்தது அதற்குப் பின் எழுதப்பட்ட பாராட்டு வரலாறுகளில்தான்.