கோல் வீச்சும் அதன் குறைகளும்

கோல்ப் என்றவுடன் நம்மிற் பெரும்பாலோர் நினைவில் எழுவன பச்சைப் புல்வெளியும், வெள்ளைக் காற்சட்டையும், பின்னே பை சுமந்து செல்லும் பையனும் ஆம். அது செல்வர் ஆட்டம், நமக்கு அதனாற் பயன் யாது எனக் கேட்பாரும் உளர். கேள்வி நியாயமானதே. ஆயினும், ஒரு கோலைக் கையில் எடுத்து, தரையில் அசையாது கிடக்கும் சிறு பந்தை நேரே செலுத்த முயன்ற எவரும், அது பௌதிகமும் உடற்கூறும் ஒருங்கே பயிலும் பாடம் என்பதை அரை நாழிகையில் உணர்ந்துகொள்வர். ஓடிவரும் பந்தைத் தவறவிட்டவனுக்குச் சொல்லிக்கொள்ள ஒரு காரணமேனும் உண்டு. சும்மா கிடக்கும் பந்தைத் தவறவிட்டவனுக்கு அதுவும் இல்லை!

கொச்சிக்கு இவ்வாட்டம் புதிதன்று. போர்ட் கொச்சிக்கு எதிரே, காயலின் நடுவே, போல்காட்டித் தீவு இருக்கிறது. அங்கே டச்சுக்காரர் 1744-இல் ஒரு மாளிகை எழுப்பினர். 1909-இல் அது ஆங்கிலேயர் கைக்குக் குத்தகையாக வந்து, அவர்தம் ரெசிடெண்டின் உறைவிடமாயிற்று. இன்று கேரள அரசின் சுற்றுலாக் கழகத்து விடுதியாக விளங்கும் அம்மாளிகையை ஒட்டி ஒரு சிறு கோல்ப் திடல் உண்டு. நெடும்பாசேரி விமான நிலையத்தின் அருகே பெரிய திடல் ஒன்று பிற்காலத்தில் அமைந்தது. ஆகவே கொச்சியில் வாழும் மாணவன் ஒருவனுக்கு இவ்வாட்டத்தைக் கண்ணாற் காணும் வாய்ப்பேனும் இருக்கிறது. இல்லாதது ஆசிரியரை அமர்த்திக் கற்கும் வசதி. யாரோ கொடுத்த பழைய கோலுடன் நான்கு வாரம் முயல்கிறான். பந்து மீண்டும் மீண்டும் வலப்பக்கம் வளைந்து போய் நீரிலோ புதரிலோ விழுகிறது. ‘எனக்கு இது வராது’ என்று கோலை மூலையிற் சாத்திவிடுகிறான். அவன் கையிற் குறை இருப்பது உண்மையே. ஆனால் அதனினும் பெரிய குறை, பக்கத்தில் நின்றவர்கள் அவனுக்குச் சொன்ன வைத்தியத்தில் இருக்கிறது. அதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலிற் பந்தைப் பார்ப்போம். விதிப்படி அதன் எடை 45.93 கிராமுக்கு மிகலாகாது, விட்டம் 42.67 மில்லிமீட்டருக்குக் குறையலாகாது. கோலின் முகமும் பந்தும் ஒன்றையொன்று தொட்டிருக்கும் நேரம் ஒரு செக்கண்டின் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு அளவே. கோலை மேலே ஏற்றுவதற்கு ஏறக்குறைய முக்காற் செக்கண்டும், கீழே இறக்கிப் பந்தைத் தொடுவதற்குக் காற் செக்கண்டும் ஆகின்றன. கண்ணாற் கண்டதற்கு ஏற்பக் கை அசைவதற்கே ஐந்தில் ஒரு செக்கண்டு வேண்டும். எனவே, கோல் கீழே இறங்கத் தொடங்கிய பின் ‘ஐயோ, தவறிவிட்டதே’ என்று திருத்திக்கொள்ள இயலாது. பிழை எல்லாம் அதற்கு முன்னரே விதைக்கப்பட்டுவிடுகிறது. கோல்முகம் ஒரே ஒரு பாகை திரும்பிவிட்டாலும், இருநூறு மீட்டர் தொலைவிற் பந்து மூன்றரை மீட்டர் விலகிவிடும். திரிகோண கணிதம் அறிந்தவர் தாமே கணக்கிட்டுப் பார்க்கலாம்.

இனி, தொடக்கநிலை ஆட்டக்காரரை வாட்டும் பெருநோய்க்கு வருவோம். அதற்கு ‘ஸ்லைஸ்’ என்று பெயர். வலக்கைக்காரன் அடித்த பந்து வலப்பக்கமாக வளைந்து போவது அது. (இடக்கைக்காரர் இக்கட்டுரை முழுவதிலும் வலத்தை இடமாகவும் இடத்தை வலமாகவும் மாற்றிப் படித்துக்கொள்க.) பந்து ஏன் வளைகிறது? சுழல்வதால் வளைகிறது. சுழலும் பந்து தன்னைச் சுற்றியுள்ள காற்றை ஒரு பக்கமாகத் திருப்பித் தள்ள, காற்று அதனை மறுபக்கம் தள்ளுகிறது. டென்னிஸ் பந்து இவ்வாறு வளைவதை நியூட்டனே 1672-இற் குறிப்பிட்டிருக்கிறார். எடின்பரோப் பல்கலைக்கழகத்திற் பௌதிகப் பேராசிரியராயிருந்த பீட்டர் கத்ரி டெயிட் என்பார், கோல்ப் பந்து அத்துணைத் தொலைவு பறப்பதற்கே அதன் பின்சுழற்சிதான் காரணம் என்று 1890-களில் எழுதினார். அவர் மைந்தர் பிரெடி டெயிட் 1896-இலும் 1898-இலும் பிரிட்டிஷ் அமெச்சூர் பட்டம் வென்ற வீரர். தந்தை ஏட்டிற் கணக்கிட, மைந்தர் வெளியில் அடித்துக் காட்டிய குடும்பம் அது. எலெக்ட்ரானைக் கண்டறிந்த ஜே. ஜே. தாம்சனும் 1910-இல் இலண்டனில் கோல்ப் பந்தின் இயக்கம் பற்றியே ஒரு விரிவுரை நிகழ்த்தினார். பேரறிஞர் ஒருவர் விளையாட்டுப் பந்தைப் பற்றிப் பேசுவதா என்று அன்று யாரும் முகஞ்சுளித்ததாகத் தெரியவில்லை. நம் கல்லூரிகளிலும் அம்மனப்பான்மை வளர்ந்தால் நன்று.

பந்தின் மேலுள்ள குழிகளும் இதனோடு தொடர்புடையனவே. 1848 அளவில், மலாயாக் காடுகளின் மரப்பாலாகிய கட்டாபர்ச்சாவைக் கொண்டு பந்து செய்யத் தொடங்கினர். வழவழப்பான புதுப் பந்தைவிட, அடிபட்டுக் கீறல் விழுந்த பழம்பந்து நன்றாகப் பறப்பதை ஆடியவர் கண்டனர். அதன் பயனாகவே பின்னர்ப் பந்தின்மேல் வேண்டுமென்றே வடுக்களும் புள்ளிகளும் இட்டனர். வில்லியம் டெய்லர் 1905-இற் குழிப் பந்துக்கு உரிமை பெற்றார்.

பந்து எப்பக்கம் புறப்படும், எப்பக்கம் வளையும் என்பனவற்றை இரண்டு திசைகள் முடிவு செய்கின்றன. ஒன்று, பந்தைத் தொடும் கணத்திற் கோல்முகம் நோக்கும் திசை. மற்றொன்று, அக்கணத்திற் கோல் செல்லும் பாதையின் திசை. பழைய பாடநூல்கள் பல, பந்து கோலின் பாதையிற் புறப்பட்டுப் பின் முகத்தின் திசைக்கு வளையும் என்று கற்பித்தன. ராடார்க் கருவி கொண்டு அளந்தபோது அது தலைகீழ் என்பது தெளிவாயிற்று. பந்து பெரும்பாலும் முகம் நோக்கும் திசையிலேயே புறப்படுகிறது. பின்னர், பாதையை விட்டு விலகும் பக்கமாக வளைகிறது. முகமும் பாதையும் ஒன்றுபட்டால் வளைவே இல்லை. அவற்றிடையே கோணம் விரிய விரிய வளைவும் மிகும்.

இதனை மனத்திற் கொண்டு, நம் மாணவனை மீண்டும் நோக்குக. அவன் கோல் வெளிப்புறத்திலிருந்து உட்புறமாக, அதாவது இடப்பக்கம் நோக்கி, பந்தைக் குறுக்கே வெட்டிச் செல்கிறது. முகமோ இலக்கை நோக்கியிருக்கிறது. பந்து நேரே புறப்பட்டு வலப்பக்கம் வளைகிறது. பக்கத்தில் நின்றவர், ‘வலப்பக்கம் போகிறதல்லவா, நீ இடப்பக்கம் பார்த்து நில்’ என்கிறார். அவனும் பாதங்களையும் தோள்களையும் இடப்பக்கம் திருப்பி நிற்கிறான். கோலின் பாதை இன்னும் இடப்பக்கம் திரும்பிவிடுகிறது. ஆனால் அவன் கண்ணும் கையும் முகத்தை இலக்கின் பக்கமே வைத்திருக்கின்றன. கோணம் விரிகிறது, பந்து முன்னிலும் மிகுதியாக வளைகிறது. அவன் மறுபடியும் இடப்பக்கம் திரும்புகிறான். மருந்தே நோயை வளர்க்கும் விந்தையை இதனினும் தெளிவாகக் காட்டும் எடுத்துக்காட்டு அரிது.

சரியான மருந்து இரண்டு பகுதி உடையது. முதற்பகுதி பிடி. கோலைத் தரையில் வைத்து இடக்கையாற் பற்றிக் குனிந்து பார்க்கும்போது, அக்கையின் விரல்முட்டுக்கள் இரண்டேனும் கண்ணிற்படல் வேண்டும். ஒன்றே தெரிந்தால், அடிக்கும் கணத்தில் முகம் வலப்பக்கம் திறந்துகொள்ளும். பெருவிரலும் சுட்டுவிரலும் சேருமிடத்துக் கோடு வலத்தோளை நோக்கியிருத்தல் நலம். உள்ளங்கையில் அழுத்திப் பிடிப்பதினும் விரல்களிற் படியப் பிடிப்பது சிறந்தது. இறுக்கிப் பிடித்தாற் பந்து தொலைவு போகும் என்பது வீண் எண்ணம். இறுகிய முன்கை திரும்பாது. திரும்பாத கை முகத்தை மூடாது.

இரண்டாவது பகுதி பாதை. அதற்குக் காரணம் கீழிறக்கத்தை எவ்வுறுப்பு தொடங்குகிறது என்பதே. தவறாக ஆடுபவன் தோளாலும் கையாலும் தொடங்குகிறான். ஆத்திரம் கையில் இருக்கிறது, கை முந்துகிறது, கோல் வெளியே தள்ளப்பட்டுக் குறுக்கே வருகிறது. நன்றாக ஆடுபவனிடத்தில் முதலில் இடப்பாதம் தரையை அழுத்துகிறது, பின் இடுப்புத் திரும்புகிறது, பின் தோள், பின் கை, எல்லாவற்றிற்கும் பின்னதாகக் கோல் வருகிறது. ஒவ்வோர் உறுப்பும் தன் வேகத்தை அடுத்ததற்கு ஈந்துவிட்டுத் தான் அடங்குகிறது. காக்ரன், ஸ்டாப்ஸ் ஆகிய இருவர் 1968-இல் வெளியிட்ட ஆராய்ச்சி நூலில் இவ்வீச்சை இரட்டை ஊசலாக வைத்து விளக்கினர்: கை ஓர் ஊசல், அதன் நுனியில் தொங்கும் கோல் மற்றோர் ஊசல்.

நூல் வேண்டாதவர் போர்ட் கொச்சியிலுள்ள வெளிக்குச் செல்லலாம். டச்சுக்காரர் காலத்திற் படையினரின் உடை வெளுக்கத் தமிழ்நாட்டிலிருந்து கொண்டுவரப்பட்ட வண்ணார் குடிகளின் வழிவந்தோர், அங்குள்ள தோபிக்கானாவில் இன்றும் துணி வெளுக்கின்றனர். ஈரத்துணியைக் கல்லில் அறைபவரைச் சற்று நேரம் உற்று நோக்குக. காலை ஊன்றி, இடுப்பிலிருந்து எழும்பி, கை கல்லை நெருங்கும்போதும் துணி பின்தங்கியே வருகிறது. கை ஏறத்தாழ நின்றவுடன் துணி பறந்து வந்து அறைகிறது. அவர் மணிக்கட்டால் துணியைத் தள்ளுவதில்லை. தள்ளினால் ஒரு நாள் முழுதும் வெளுக்க முடியாது; நண்பகலுக்குள் கை ஓய்ந்துவிடும். அவர் வீச்சு மேலிருந்து கீழாகவும் கோல்ப் வீச்சு சாய்வாகவும் இருப்பினும், வேகம் உறுப்பிலிருந்து உறுப்புக்கு மாறும் முறை ஒன்றே. கிட்டிப்புள் ஆடிப் பழகிய நம் பையன்களோ மணிக்கட்டைத் தொடக்கத்திலேயே சொடுக்கிவிடுகின்றனர். புள்ளுக்கு அது பொருந்தும். நீண்ட கோலுக்குப் பொருந்தாது. பந்தை அடையுமுன்னரே வேகம் செலவாகிவிடும்.

பாதையைத் திருத்த ஓர் எளிய பயிற்சி உண்டு. பந்துக்கு அப்பால், அதாவது உமக்கு எதிர்ப்புறத்தில், பந்திலிருந்து நான்கு விரற்கடை தள்ளி, மடித்த துண்டு ஒன்றை இலக்குக்கு இணையாக வைக்கவும். குறுக்கே வரும் கோல் துண்டில் இடிக்கும்; உள்ளிருந்து வரும் கோல் இடிக்காது. முதலில் அரை வீச்சே போதும். துண்டு பத்து முறை அசையாதிருந்த பின்னரே முழு வீச்சுக்குச் செல்லல் தகும்.

இதற்கு எதிர்நோய் ‘ஹூக்’. பந்து இடப்பக்கம் வளையும். இது பெரும்பாலும் ஓரளவு தேர்ந்தவர்க்கே வருவது; ஆதலின் இங்கே சுருங்கச் சொல்லி விடுகிறேன். அமெரிக்க வீரர் பென் ஹோகன் பல்லாண்டு இதனால் அல்லற்பட்டு, இடக்கைப் பிடியைச் சற்று இடப்பக்கம் திருப்பிக் குணங்கண்டார். விரல்முட்டு மூன்று நான்கு தெரியும்படி பிடிப்பவர், ஒன்றைக் குறைத்துப் பார்ப்பாராக.

அடுத்தது, பந்தின் தலையைத் தட்டி உருட்டுவதும், பந்துக்குப் பின்னே மண்ணைக் கொத்துவதும். இவை இரண்டும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். ‘தலையைக் குனிந்தே வைத்துக்கொள்’ என்பது இவற்றிற்கு உலகெங்கும் சொல்லப்படும் அறிவுரை. என் கருத்தில், இவ்வாட்டத்தில் இதைப்போற் கேடு விளைத்த அறிவுரை வேறொன்றில்லை. தலையை இறுக்கி வைத்தவன் உடலைத் திருப்ப இயலாது. உண்மைக் காரணம் வேறு. பந்தை மேலே எழுப்ப வேண்டுமே என்ற கவலையால், அவன் உடலைப் பின்னே சாய்த்து, எடையை வலக்காலிலேயே நிறுத்திவிடுகிறான். கோல் வரையும் வட்டத்தின் மிகத் தாழ்ந்த புள்ளி அப்போது பந்துக்குப் பின்னே விழுகிறது. அங்கே தரை தட்டினால் மண் பெயர்கிறது. தட்டாமல் மேலெழுந்தால் பந்தின் தலை தேய்கிறது. பந்தை எழுப்பும் வேலை ஆடுபவனுடையதன்று, கோல்முகத்தின் சாய்வுடையது. இரும்புக் கோலால் அடிக்கும்போது முதலிற் பந்தும் பின்னரே தரையும் தொடப்படல் வேண்டும். தாழ்ந்த புள்ளி பந்துக்குச் சற்று முன்னே அமைதல் வேண்டும். ‘டீ’ என்னும் ஆணிமேல் வைத்துப் பெருங்கோலால் அடிப்பது மட்டும் இதற்கு விலக்கு.

இதற்கும் போர்ட் கொச்சியிலேயே பயிற்சிக்கூடம் இருக்கிறது; கட்டணமும் இல்லை. காலையில், அலை பின்வாங்கிய ஈரமணலில், இலக்குக்குக் குறுக்கே விரலால் ஒரு கோடு கீறுக. கோடு இரு பாதங்களுக்கும் நடுவில் இருக்கட்டும். பந்து இல்லாமல் வீசிப் பார்க்க. கோல் மணலிற் பதித்த வடு கோட்டுக்குப் பின்னே இருந்தால், எடை வலக்காலிற் கிடக்கிறது என்று பொருள். கோட்டிலோ அதற்கு முன்னோ தொடங்கினால் நன்று. எடை மாறுவது விளங்காதவர் அருகிலுள்ள சீனவலையைப் பார்க்கலாம். கல் கட்டிய பின்புறம் தாழ, வலை தூக்கிய முன்புறம் எழுகிறது. எடை எப்பக்கம் இருக்கிறதோ அப்பக்கமே தாழும். வீச்சு முடியும்போது வலக்காலைத் தூக்கினாலும் விழாது நிற்க இயலுமானால், எடை இடப்பக்கம் வந்துவிட்டது என்று கொள்ளலாம்.

உடல்நலம் பற்றியும் ஒரு சொல். கோல்ப் ஆடுவோர்க்கு மிகுதியாக நேரும் துன்பம் கீழ்முதுகு நோவு. பின்சாய்ந்து அடிப்பதும், இடுப்பைத் திருப்பாது முதுகெலும்பையே முறுக்குவதும் அதனைப் பெருக்கும். ஆகவே மேற்கூறிய திருத்தங்கள் பந்துக்கு மட்டுமன்றி முதுகுக்கும் ஆவன. பத்து நிமிடம் நடந்து, உடலைத் தளர்த்திக்கொண்ட பின்னரே கோலைத் தொடுக.

ஆசிரியர் இன்றி இவற்றைக் கற்க முடியுமா என்று ஐயுறுவோர் நம் நாட்டு வரலாற்றைப் பார்க்கட்டும். இந்தியன் ஓபன் போட்டியை 1991-இல் வென்ற அலி ஷேர், 2009-இல் வென்ற சின்னசுவாமி முனியப்பா ஆகியோர் பிறருடைய பையைச் சுமந்த ‘கேடி’களாயிருந்து வந்தவர்கள். 2016, 2017 ஆகிய ஈராண்டும் அதனை வென்ற சௌராசியா, கல்கத்தாத் திடலிற் புல்லைப் பேணிய ஒருவரின் மகன். பை சுமந்து பின்னே நின்ற அப்பையன்கள், நூறு பேருடைய பிழைகளை நாள்தோறும் பின்புறத்திலிருந்து பார்த்தனர். கோலின் பாதையைக் காண அதனினும் நல்ல இடம் வேறில்லை. எனவே பயில்வோர் இருவராகச் செல்வது நலம். ஒருவர் வீச, மற்றவர் பத்து அடி பின்தள்ளி, இலக்குக் கோட்டில் நின்று பார்க்கலாம். கைப்பேசியிற் படமெடுப்பவரும் அவ்விடத்திலிருந்தே எடுக்க வேண்டும்; பக்கவாட்டில் நின்றெடுத்தாற் பாதை தெரியாது. ஒரு நாளைக்கு ஒரு குறையையே எடுத்துக்கொள்க. பிடியையும் பாதையையும் ஒருசேர மாற்றினால் எது பலித்தது என்றே விளங்காது.

கடற்கரையிற் பந்தை மட்டும் அடிக்க வேண்டா. நடப்போரும் மீன் விற்போரும் நிறைந்த இடம் அது. கோலும் கோடும் அங்கே போதும். பந்துடன் திடலுக்குச் சென்றபின், அது எவர் பக்கமேனும் வளைந்து போகக் கண்டால், உடனே ‘போர்!’ என்று உரக்கக் கூவுதல் அவ்வாட்டத்தின் மரபு.