சுவரில் இறங்கும் டிகாஷன்

பெரம்பலூர், அரியலூர்ப் பக்கம் விறகடுப்பு எரியும் வீடுகளில், பின்சுவரை ஒட்டி எழும் புகைக்கூண்டில் பழுப்புக் கோடுகள் வழிந்திருக்கும். பொங்கலுக்குப் பொங்கல் வெள்ளையடிப்பார்கள். அடுத்த மழையில் கறை மறுபடி தலைகாட்டும். பழி சுண்ணாம்பின் மேல் விழும். கறை வருவதோ உள்ளேயிருந்து.

காபி ஃபில்டரை நினைத்துக்கொள்ளுங்கள். கூண்டின் உட்புறம் படிந்த கரியும் பிசுக்கும்தான் காபிப்பொடி. திறந்த வாய் வழியே இறங்கும் மழை, நாம் ஊற்றும் தண்ணீர். செங்கல்லின் நுண்துளைகளும் இணைப்பு விரிசல்களும் வடிகட்டி. வெளியே வழிகிறதே, அது டிகாஷன். மேலே தண்ணீர் விழுகிறவரை எத்தனை முறை வெள்ளையடித்தாலும் அது இறங்கிக்கொண்டேதான் இருக்கும்.

மழையில்லாத நாளிலும் உள்ளே ஈரம் சேரும். இட்லிப் பானை மூடியைத் திருப்பினால் நீர்த்துளி நிற்குமே, அதே கதை. காயாத கருவேல விறகு எரியும்போது நீராவி ஏராளமாக எழும். வெளிச்சுவர்க் கூண்டு மூன்று பக்கமும் காற்றுப்பட்டுக் குளிர்ந்திருப்பதால், ஆவி அதன் உட்சுவரில் வேர்த்துப் பிசுக்கோடு கலந்து ஊறுகிறது. ஆகவே முதல் அழகுவேலை, விறகை நன்றாகக் காயவைப்பது.

இரண்டாவது, கூண்டுக்கு ஒரு தொப்பி. பலகைக்கல் போதும், நான்கு பக்கமும் புகை போக இடைவெளி விட வேண்டும். கல் சுவரைவிட இரண்டு அங்குலமாவது வெளியே நீண்டு, அடிவிளிம்பில் ஒரு காடி வெட்டியிருக்க வேண்டும். மூக்கில்லாத பாத்திரத்தில் ரசம் ஊற்றினால் வெளிப்பக்கமாக ஒழுகும். மூக்கிருந்தால் தனியே விழும். அந்தக் காடிதான் கல்லுக்கு மூக்கு.

பிறகே பூச்சு. கறை ஊறிய பழைய காரையைச் செங்கல் தெரியும்வரை கொத்தி எடுக்க வேண்டும். சிமென்ட் ஆலைகள் சூழ்ந்த ஊர்களைப் பற்றி எழுதிக்கொண்டே சொல்கிறேன்: இந்த வேலைக்குச் சிமென்ட் வேண்டாம். அடுப்பு எரிந்தால் கூண்டு விரியும், அணைந்தால் சுருங்கும். விறைப்பான சிமென்ட் பூச்சு வெடித்து, ஈரத்தையும் உள்ளே அடைத்துவிடும். சுண்ணாம்புக் காரை கொஞ்சம் வளைந்துகொடுக்கும், ஈரத்தை வெளியே விடும். ஒரு பங்கு சுண்ணாம்பு, மூன்று பங்கு மணல்.

சிமென்ட், சுண்ணாம்பு இரண்டுக்கும் மூலம் ஒரே கல். கிரெட்டேசியஸ் காலத்தில் இங்கே பரவியிருந்த கடல் விட்டுப்போனது அது. அரியலூரை அடுத்த கல்லங்குறிச்சிச் சுண்ணாம்புக்கல்லில் சிப்பி ஓடுகளை இன்றும் பார்க்கலாம். அதைக் களிமண்ணோடு 1,450 டிகிரி வரை சுட்டால் சிமென்ட்டுக்கான கிளிங்கர். தனியாக 900 டிகிரியில் சுட்டால் சுண்ணாம்பு: 100 கிலோ சுத்தமான கல்லில் 44 கிலோ கரியமில வாயுவாகப் பறந்து, 56 கிலோ மிஞ்சும். அதைத் தண்ணீரில் போட்டால் அடுப்பில்லாமலே கொதிக்கும். கண்ணில் தெறித்தால் ஆபத்து, குழந்தைகளை அண்டவிடாதீர்கள்.

நீற்றிய சுண்ணாம்பு சுவரில் இறுகுவது எப்படி? ஆறும் பாலின் மேல் ஆடை படிவதுபோல, காற்று படும் பக்கத்திலிருந்து தொடங்கும். சுட்டபோது இழந்த கரியமில வாயுவைக் காற்றிலிருந்து திரும்ப வாங்கி, மெல்ல மெல்லக் கல்லாகிறது. அரியலூர்க் கல் உங்கள் சுவரில் மறுபடி கல்லாவதை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்புதான்.

ஆனால் அதற்கு ஈரம் வேண்டும். தோசைக்கல் மிதமிஞ்சிக் காய்ந்தால் மாவு பரவாமல் கரண்டியோடு சுருண்டு வரும். தண்ணீர் தெளித்துத்தானே வார்ப்போம்? கூண்டும் அப்படியே. அடுப்பை அணைத்து, சுவர் ஆறி, வெயில் தாழ்ந்த பிறகு தண்ணீர் தெளித்து வெள்ளையடிக்க வேண்டும். வெயிலில் அடித்த சுண்ணாம்பு கையில் மாவாக ஒட்டுவது இதனால்தான். அடியில் முழ உயரம் காவிப்பட்டை இழுத்தால் தெறிக்கும் செம்மண் தெரியாது, கூண்டும் எடுப்பாக நிற்கும்.

அடிக்கும்போது மோர்த்தண்ணீர் போலத்தான் இருக்கும், வெள்ளையே தெரியாது. பயந்து கெட்டியாக அப்பிவிடாதீர்கள், உரிந்து வரும். மறுநாள் காலையில் வந்து பாருங்கள், வெளுத்திருக்கும். அதன்மேல் இன்னொரு கை.