தெரியுமா? துருப்பிடித்த ஒரு சீவுளிக்குள் இத்தனை அதிசயங்கள்!

நீர்வேலியில் வாழைக்குத் தண்ணீர் கட்டிவிட்டு வந்து, பின்னேரம் கொட்டிலுக்குள் குந்தியிருந்து ஒரு வேப்பம் பலகையைச் சீவிப் பாருங்கள். அந்தச் சுகம் வேறெதிலும் இல்லை! தச்சு என் தொழில் அல்ல, ஆசை மட்டும்தான். பழைய இரும்புக்கடையில் கிடக்கும் உளி, சீவுளி, வாச்சி எல்லாவற்றையும் பொறுக்கி வந்து தேசிக்காய்ப் புளியில் ஊறப்போடுவேன். புளிப்புத் துருவைக் கரைத்துவிடும். கூடுதல் நேரம் விட்டால் இரும்பையே தின்னத் தொடங்கும், கவனம்! துரு போன பிறகு அந்த இரும்பு சொல்லும் கதைகள் இருக்கின்றனவே, அப்பப்பா!

முதலில் பனை. பனை மரமே இல்லை, தொல்காப்பியத்தின் கணக்கில் அது புல் என்பது தெரியுமா? வெளிப்புறம் வைரமாக இருப்பது புல், உட்புறம் வைரமாக இருப்பது மரம் என்று அந்நூலின் மரபியல் பகுதி பிரித்து வைத்திருக்கிறது. இன்றைய தாவரவியலும் பனையையும் புல்லையும் ஒருவித்திலைத் தாவரங்கள் என்று ஒரே பெருங்கூட்டத்தில்தான் சேர்க்கிறது! இதை நம்புவதற்குப் புத்தகம் தேவையில்லை, ஓர் உளி போதும். வேம்பிலும் பலாவிலும் உள்ளே போகப் போக உளி திணறும். பனையில் எல்லாம் தலைகீழ்! கறுத்த சிலாம்பு ஓடும் வெளிவட்டம் உளியின் வாயையே மழுக்கிவிடும். நடுவிலோ வெறும் சோறு. நாரெல்லாம் நெட்டுக்கு ஓடுவதால் ஆப்பு வைத்து அடித்தால் பனை நீளத்துக்குப் பிளந்து கொடுக்கும். அப்படிப் பிளந்து வாச்சியால் செதுக்கிய சலாகைகள்தான் நம் பழைய வீட்டுக் கூரைகளைத் தாங்கி நிற்கின்றன. அண்ணாந்து பாருங்கள், வாச்சி கொத்திய தழும்பு இன்னும் தெரியும்!

அடுத்தது துறப்பணம். வில்லின் கயிற்றை ஒரு தண்டில் சுற்றி முன்னும் பின்னும் இழுத்தால் தண்டு சுழன்று துளை விழும், அவ்வளவுதான் அதன் சூத்திரம். இதே வகைக் கருவியால் மனிதனின் பல்லைத் துளைத்திருக்கிறார்கள் என்றால் நம்புவீர்களா? பலுசிஸ்தானின் மெஹர்கரில், ஏறத்தாழ 9,000 முதல் 7,500 ஆண்டுகளுக்கு முற்பட்ட புதைகுழிகளில், 9 பேரின் 11 கடைவாய்ப் பற்களில் துளைகள் இருந்தன. 2006இல் ‘நேச்சர்’ இதழில் இது வெளிவந்தது. கல்முனை பூட்டிய வில்-துறப்பணத்தை ஆய்வாளர்கள் தாங்களே செய்து பார்த்தபோது ஒரு நிமிடத்துக்குள் துளை விழுந்ததாம்! உயிரோடிருக்கும்போதே துளைத்த பற்கள் அவை. துளைத்த பிறகும் மென்று தேய்ந்த அடையாளம் இருக்கிறது. மணி கோக்கத் துளையிட்ட கைகளே பல்லையும் துளைத்திருக்க வேண்டும் என்பது ஆய்வாளர்களின் கருத்து. துறப்பணத்தை எடுக்கும்போதெல்லாம் எனக்கு அந்த 9 பேரின் ஞாபகம்தான்.

இனி உருக்கு! பழைய சீமைச் சீவுளி அலகுகளில் ‘காஸ்ட் ஸ்டீல்’ என்று முத்திரை குத்தியிருக்கும். 1740களில் ஷெஃபீல்டில் பெஞ்சமின் ஹன்ட்ஸ்மன் என்ற மணிக்கூட்டுக்காரர், மூசையில் உருக்கி எஃகு செய்யும் வழியைக் கண்டு எழுப்பிய தொழில் அது. ஆனால் மூசை உருக்கு தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே இருந்தது தெரியுமா? வெள்ளைக்காரர் அதை ‘வூட்ஸ்’ என்றார்கள். மின்காந்த ஆராய்ச்சியால் உலகப் புகழ் பெற்ற மைக்கேல் ஃபாரடே அதன் இரகசியத்தைப் பிடிக்க 1819 முதல் சில ஆண்டுகள் மினக்கெட்டார். அவர் பிறந்ததும் ஒரு கொல்லரின் வீட்டில்தான்! நம் தீவின் சமனலவெவ மலைச்சரிவிலோ துருத்தியே இல்லாமல், பருவக்காற்றை நேரே உலைக்குள் வாங்கி இரும்பு உருக்கியிருக்கிறார்கள். 1996இல் தொல்லியலாளர் ஜில் ஜூலெஃப் அதை உலகுக்குக் காட்டினார். காற்றே துருத்தி!

அடுத்தது வாள். யப்பானில் மரமறுக்கும் வாளை இழுத்துத்தான் அறுப்பார்கள். ஏன்? நூலை இழுத்தால் நேராக நிற்கும், தள்ளினால் மடங்கும். இழுக்கும் வாளின் தகட்டை அதனால் மெல்லிதாகவே அடிக்கலாம், வெட்டும் ஒடுங்கியதாக விழும். சீவுளியின் வயதும் சின்னதில்லை, கி.பி. 79இல் எரிமலைச் சாம்பலில் மூடுண்ட பொம்பெய் நகரிலேயே அது கிடைத்திருக்கிறது.

கைக்கருவி என்றால் சின்னச் சாமான்தான் செய்யலாம் என்று நினைப்பவர்கள் வல்வெட்டித்துறைக்குப் போய் அன்னபூரணியைப் பற்றிக் கேட்கட்டும். அங்கே ஓடாவிமாரின் கைகளில் உருவான 89 அடிப் பாய்க்கப்பல் அது. ரொபின்சன் என்ற அமெரிக்கர் வாங்கினார். 1938இல் வல்வெட்டித்துறை மாலுமிகள் அதைச் சுயஸ் கால்வாய் வழியாக அத்திலாந்திக்கையும் கடந்து அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகத்தில் கொண்டுபோய்க் கட்டினார்கள்!

1990இல் போர் மீண்டும் மூண்டபோது யாழ்ப்பாணக் குடாநாட்டின் மின்சாரம் நின்றது. எரிபொருளுக்கும் தடை. மின்வாள்கள் வைத்த இடத்திலேயே உறங்கின. மூலையில் போட்டிருந்த வாளும் சீவுளியும் கொட்டாப்புளியும் மறுபடி வெளியே வந்தன. கதவு, யன்னல், கட்டில், பள்ளிக்கூட வாங்கு, சவப்பெட்டி, எதற்கும் கைதான். அந்த ஆண்டுகளைத் தாங்கிய கருவிகளை இப்போது கிலோக் கணக்கில் இரும்புக்கு நிறுத்துப் போடுவதைக் கண்டால் எனக்கு நெஞ்சு பதைக்கிறது.

இன்னும் ஒன்று! மண்கடதாசி தேய்த்த பலகையைவிடச் சீவுளி பட்ட பலகை ஏன் மினுங்குகிறது தெரியுமா? கடதாசி நாரைக் கீறி, மரத்தின் நுண்துளைகளைத் தூளால் அடைக்கும். கூரான அலகு நாரைச் சுத்தமாக வெட்டும். வெட்டிய முகத்தில் வெளிச்சம் நேரே திரும்புகிறது. யப்பானியச் சீவல் போட்டிகளில் ஒரு சுருளின் தடிப்பு 10 மைக்ரோனுக்கும் கீழே போகிறது. நம் தலைமயிரின் தடிப்போ ஏறத்தாழ 70 மைக்ரோன்!

நேற்றுப் பின்னேரம் உளிக்கல்லில் அலகை நெடுநேரம் தீட்டிவிட்டு ஒரு வேப்பம் பலகையில் மெல்ல ஓட்டினேன். ஒரு முழ நீளத்துக்கு, அறாமல், ஒரே சுருளாக எழும்பி வந்தது. விரித்து வெயிலுக்கு நேரே பிடித்தேன். அதற்குள்ளாலே வேலியோரத்து வாழைக்குலை தெரிந்தது!