பிஸ்மார்க்கின் இராசதந்திரம்

1815ஆம் ஆண்டின் வீயன்னா ஏற்பாட்டின்படி ஜேர்மனி என்பது ஒரு நாட்டின் பெயரன்று. 39 அரசுகள் சேர்ந்த தளர்ந்த கூட்டின் பெயரேயாகும். அவ்வாண்டு ஏப்ரில் 1ஆந் திகதி, பிரஷ்ய நாட்டு ஷோன்ஹவுசன் என்னும் ஊரில் ஒட்டோ வான் பிஸ்மார்க் பிறந்தார். தந்தையார் யுங்கர் எனப்படும் நிலவுடைமைப் பிரபுக்கள் வகுப்பினர். தாயார் அரசாங்க உத்தியோகத்தர் குடும்பத்தவர்.

கெட்டிங்கன், பேர்லின் பல்கலைக்கழகங்களிற் சட்டம் பயின்ற அவர் உத்தியோகத்தில் நிலைக்காது தம் பண்ணைகளைப் பராமரிக்கத் திரும்பினார். 1851 முதற் பிராங்போட்டிலும், பின்னர் சென் பீற்றர்ஸ்பேர்க், பாரிஸ் நகரங்களிலும் பிரஷ்யாவின் பிரதிநிதியாயிருந்து ஐரோப்பிய அரசியலின் உள்ளோட்டங்களைக் கற்றார். படைச் சீர்திருத்தச் செலவுக்குச் சபை இணங்க மறுத்தமையால் மன்னர் முதலாம் வில்ஹெல்ம் முடிதுறக்கவும் எண்ணியிருந்த வேளையில், 1862 செப்ரெம்பரில், முதன்மந்திரிப் பதவி அவரை வந்தடைந்தது. வரவு செலவுத் திட்டத்துக்குச் சபையின் இசைவு கிடையாதிருக்கவும் வரி தண்டி ஆட்சி நடத்தினார். காலத்தின் பெரும் பிரச்சினைகள் இரும்பினாலும் இரத்தத்தினாலுமே தீரும் என அவர் கூறியதை யாவரும் அறிவர். எனினும் அச்சொல் ஒன்றைக் கொண்டே அவரை அளப்பது பொருந்தாது.

1864இல் ஒஸ்திரியாவோடு சேர்ந்து டென்மார்க்கை வென்ற பிரஷ்யா, 1866இல் அதே ஒஸ்திரியாவைக் கெனிக்கிரெட்ஸ் களத்தில் முறியடித்தது. வீயன்னாவரை படைசெலுத்தி நிலமும் கவர மன்னர் அவாவினார். தளபதிகளுள்ளும் பலர் அவ்வெண்ணத்தினர். நிக்கல்ஸ்பேர்க்கிற் பிஸ்மார்க் கடுமையாக வாதாடி அதனைத் தடுத்தார். இன்று தோற்றவனை நாளை துணையாகக் கொள்ளவேண்டி வரும் என்பதே அவர் கணக்கு. (ஹனோவர் முதலிய வடஜேர்மானிய அரசுகளுக்கு இத்தகைய தயவு காட்டப்படவில்லை.) 1879இல் ஒஸ்திரியாவுடன் ஏற்பட்ட நட்புடன்படிக்கைக்கு வழி திறந்தது இவ்வடக்கமே.

1870இல் எம்ஸ் தந்தியைச் சுருக்கி வெளியிட்டுப் பிரான்சைச் சினமூட்டினார், போர் மூண்டது. 1871 ஜனவரி 18ஆந் திகதி வேர்சேல்ஸ் மாளிகையில் ஜேர்மன் பேரரசு பிரகடனஞ் செய்யப்பட்டது. ஆனால் நிக்கல்ஸ்பேர்க்கில் விளங்கிய நிதானம் இங்குக் காணப்படவில்லை. அல்சேசும் லொரேனின் ஒரு பகுதியும் பறிக்கப்பட்டன. 500 கோடி பிராங்கு தண்டமும் விதிக்கப்பட்டது. அன்றுதொட்டு இருபதாண்டுக் காலம் அவருடைய இராசதந்திரம் முழுவதும், பகைகொண்ட பிரான்சு துணை பெறாமற் காப்பதிலேயே செலவாயிற்று. 1887இல் ரஷ்யாவுடன் இரகசிய உடன்படிக்கை செய்ததும் அதன்பொருட்டே.

உள்நாட்டிற் கத்தோலிக்க திருச்சபையோடு நடத்திய போராட்டத்தில் அவர் பெரும்பாலும் பின்வாங்க நேர்ந்தது. 1878இற் சமவுடைமைக் கட்சியினரைச் சட்டத்தால் ஒடுக்கிய அவரே, தொழிலாளர்க்கு 1883இல் நோய்க் காப்புறுதியையும், 1884இல் விபத்துக் காப்புறுதியையும், 1889இல் முதுமைக் காப்புறுதியையும் ஏற்படுத்தினார். தொழிலாளரை அக்கட்சியினின்று பிரித்தல் அவர் நோக்கமாயினும், பிற நாடுகள் பின்பற்றிய நற்பணி அது.

பேரரசின் முதலமைச்சர் சக்கரவர்த்திக்கன்றிப் பாராளுமன்றத்துக்குக் கட்டுப்பட்டவரல்லர் என்ற ஏற்பாடு பிஸ்மார்க் வகுத்ததே. முதிய மன்னர் 1888இல் இறக்க, அதே ஆண்டில் அரியணையேறிய அவர் பேரன் இரண்டாம் வில்ஹெல்ம் 1890 மார்ச்சில் அவரைப் பதவி விலகச் செய்தபோது, சார்ந்து நிற்க அவருக்கு வேறு தளமில்லாமற் போயிற்று. ரஷ்ய உடன்படிக்கை அவ்வாண்டே புதுப்பிக்கப்படாது விடப்பட்டது. 1894இற் பிரான்சும் ரஷ்யாவும் நட்புறவு பூண்டன.

1898 யூலை 30ஆந் திகதி பிஸ்மார்க் பிரீட்ரிக்ஸ்ரூவிற் காலமானார். அவர் விரும்பியவாறே, முதலாம் வில்ஹெல்மின் உண்மையுள்ள ஜேர்மானிய ஊழியர் என்று கல்லறையிற் பொறிக்கப்பட்டது. இளைய சக்கரவர்த்தியின் பெயர் அதில் இல்லை.