மலிவு ரீலுக்கு எந்த நரம்பு: கேமரன் மலைத் தூண்டில்காரர்களுக்குச் சில எச்சரிக்கைகள்

கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து ஓய்வு நாளில் ரிங்லெட் ஏரிக்கும் பெர்தாம் ஆற்றோரங்களுக்கும் கட்டண மீன்குளங்களுக்கும் தூண்டிலோடு செல்லும் தொழிலாளர்கள் பலர், ஐம்பது அறுபது ரிங்கிட்டுக்குக் கிடைக்கும் ரீலை வாங்கி, கடைக்காரர் புகழ்ந்து சொன்ன பின்னல் நூலை அதில் சுற்றி, சில வாரங்களுக்குள் ரீல், நூல் இரண்டையுமே இழந்து நிற்பது தொடர்ந்து காணப்படுகிறது. அதற்குப் பின் அவர்கள் செய்வது முதல் தவறைவிடப் பெரியது. உறையையும் ரசீதையும் எறிந்துவிடுகிறார்கள். ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்று கடையில் தொங்கும் பலகையைச் சட்டமென்றே நம்பித் திரும்பிவிடுகிறார்கள். அடுத்த சம்பளத்தில் அதே நூலை மறுபடியும் வாங்குகிறார்கள்.

இரு பொருள்களையும் முதலில் பிரித்தறிய வேண்டும். ‘தங்சி’ என்று கடைகளில் கேட்டு வாங்கப்படுவது ஒற்றையிழை நரம்பு, அதாவது நைலானை உருக்கி ஒரே இழையாக இழுத்துச் செய்யப்பட்டது. அது இழுத்தால் நீளும், நீரைச் சிறிது உறிஞ்சும், வெயிலில் நாளடைவில் வலுவிழக்கும், ரீலில் நெடுநாள் கிடந்தால் சுருண்ட வடிவத்திலேயே நின்றுவிடும். பின்னல் நூல் என்பது பாலிஎதிலீன் நுண்ணிழைகளை நான்கு புரியாகவோ எட்டுப் புரியாகவோ பின்னிச் செய்வது. டைனீமா, ஸ்பெக்ட்ரா என்ற வணிகப் பெயர்களால் அறியப்படும் அவ்விழை, அதே பருமனுள்ள நைலானைவிட மூன்று நான்கு மடங்கு வலுவுடையது, ஏறக்குறைய நீளாதது, நீரில் மிதப்பது, வழுக்குவது.

நீளாமையே பின்னல் நூலின் சிறப்பாகச் சொல்லப்படுகிறது, ஆனால் மலிவு ரீலில் அதுவே கேடாக முடிகிறது. மீன் திடீரெனப் பாயும்போது ஒற்றையிழை நரம்பு நீண்டுகொடுத்து அதிர்ச்சியின் ஒரு பகுதியைத் தானே தாங்கிக்கொள்கிறது; பின்னல் நூலோ அதை முழுவதும் தூண்டில் தண்டுக்கும் ரீலின் டிராக்குக்கும், அதாவது மீன் இழுக்கையில் நரம்பை அளவாக விட்டுக்கொடுக்கும் உராய்வுத் தட்டுகளுக்கும், கடத்திவிடுகிறது. விலை குறைந்த ரீலில் அந்தத் தட்டுகள் ஒட்டிக்கொண்டு நின்று பிறகு வெடுக்கென்று விடுவதால், அந்த ஒரு கணத்தில் மீனின் வாய் கிழிகிறது, அல்லது முடிச்சு நழுவுகிறது, அல்லது உள்ளே பல்சக்கரத்தின் பல் முறிகிறது.

அடுத்த சேதம் கண்ணுக்குத் தெரியாமல் நடப்பது. ரீலின் வளைகம்பி முனையில் நரம்பு திசை திரும்பும் இடத்தில் உள்ள சிறு உருளை, மலிவு ரீல்களில் சரியாகச் சுழலாததாகவும் மென்மையான உலோகத்தால் ஆனதாகவும் இருப்பது வழக்கம். சுழலாத உருளையின் மேல் ஒரே இடத்தில் ஓடும் மெல்லிய பின்னல் நூல் அதில் பள்ளம் அறுக்கிறது. அந்தப் பள்ளத்தின் விளிம்பு பின்பு நூலையே அறுக்கத் தொடங்குகிறது. மேட்டு நிலக் காய்கறித் தோட்டங்களிலிருந்தும் வெட்டப்பட்ட சரிவுகளிலிருந்தும் அடித்து வரப்படும் வண்டல் ரிங்லெட் ஏரியில் ஆண்டுக்கணக்காகப் படிந்து வருகிறது. பின்னலின் புரிகளுக்கிடையே சிக்கும் அந்த நுண்மணல் இவ்வறுப்பை விரைவுபடுத்துகிறது. விரல் நகத்தை உருளையின் மேல் குறுக்காக ஓட்டிப் பார்த்தால் போதும். கோடு தட்டுப்பட்டால் அந்த ரீலில் இனி எந்த நூலும் நெடுநாள் நிற்காது.

ஆகவே விலை குறைந்த ரீலுக்கு ஒற்றையிழை நரம்பே உகந்தது. ஏரியிலும் குளத்திலும் கிடைக்கும் திலாப்பியா, கெண்டை, கெளிறு போன்றவற்றுக்கு 0.25 முதல் 0.30 மில்லிமீட்டர் பருமன் போதுமானது. ஏரி நீர் பெரும்பாலும் கலங்கலாக இருப்பதால் நூலின் மெல்லிமைக்காகக் கூடுதல் பணம் கொடுப்பதில் பயனில்லை. ஆண்டுக்கொரு முறை நரம்பை மாற்றி, ஒவ்வொரு முறை மீன்பிடித்த பின்பும் முனையிலிருந்து இரண்டு மீட்டரை வெட்டிவிடுபவருக்குப் பின்னல் நூல் தரும் நன்மையில் பெரும்பகுதி அதன் விலையின் சிறு பங்கிலேயே கிடைத்துவிடும். உருளை நன்றாகச் சுழலும் ரீல் வைத்திருந்து, பின்னல் நூலைத்தான் பயன்படுத்த வேண்டுமென்றால், வழுக்கும் அந்நூலை வெறும் சுருள்கட்டையில் நேராகச் சுற்றக் கூடாது. முதலில் பத்துப் பதினைந்து மீட்டர் தங்சியைச் சுற்றி அதனோடு முடிச்சிட வேண்டும். இல்லையெனில் நூல் மொத்தமாகக் கட்டையைச் சுற்றி வழுக்கும். பிடித்தவர் டிராக் கெட்டுவிட்டது என்று கடைக்கு ஓடுவார். டிராக்கையும் கையால் மதிப்பிடக் கூடாது: பத்துப் பவுண்டு, அதாவது நாலரைக் கிலோ தாங்கும் நரம்பென்றால், ஒரு லிட்டருக்குச் சற்றுக் கூடுதலாக நீர் நிரப்பிய போத்தலை நரம்பில் கட்டி, ரீலை நேராகத் தூக்கும்போது நரம்பு மெல்ல நழுவும் அளவுக்குத் திருகை வைக்க வேண்டும்.

இனி உடற்காயம். பின்னல் நூலைக் கையில் சுற்றி இழுக்கக் கூடாது. நீருக்கடியில் மரக்கட்டையில் தூண்டில் சிக்கியவுடன் நூலை உள்ளங்கையில் இரண்டு சுற்றுச் சுற்றி இழுப்பது பலருக்குக் கைப்பழக்கமாகிவிட்டது. தங்சியில் அது தடிப்பை மட்டும் தரலாம், பின்னல் நூலிலோ தசை வரை அறுக்கும். ஒரு குச்சியில் சுற்றி இழுக்கலாம், இல்லையேல் நூலையே அறுத்துவிடலாம். கையில் சுற்றக் கூடாது. கொழுந்து பறிப்பவருக்கும் கத்தரி இயந்திரம் பிடிப்பவருக்கும் விரல்தான் கூலி. அப்படியும் காயம் நேர்ந்துவிட்டால் வீட்டு வைத்தியத்தோடு நின்றுவிட்டு மறுநாள் வேலைக்கு வராமலிருப்பது இரட்டை இழப்பு. 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின்படி, மருத்துவமனையில் தங்கத் தேவையில்லாத நோய்க்குப் பணிக்காலத்தைப் பொறுத்து ஆண்டுக்கு 14, 18 அல்லது 22 நாள் ஊதியத்துடன் கூடிய மருத்துவ விடுப்பு உண்டு. ஆனால் நிர்வாகம் நியமித்த மருத்துவரின் சான்றிதழ் வேண்டும், அவர் கிடைக்காதபோது வேறு பதிவுபெற்ற மருத்துவரோ அரசு மருத்துவ அதிகாரியோ தரும் சான்றிதழ் வேண்டும், விடுப்புத் தொடங்கிய 48 மணி நேரத்துக்குள் நிர்வாகத்துக்குத் தெரிவித்திருக்கவும் வேண்டும். இவற்றில் ஒன்று குறைந்தாலும் அனுமதியின்றி வராமலிருந்ததாகவே கொள்ளப்படும். டெட்டனஸ் ஊசியும் அதே வருகையிலேயே கேட்டுப் போட்டுக்கொள்ளத்தக்கது.

சுல்தான் அபு பக்கார் அணைக்குக் கீழே பெர்தாம் ஆற்றில் இறங்குபவர்களுக்கு ஒரு சொல். 2013 அக்டோபர் 23 அதிகாலையில் அணை நீர் திறக்கப்பட்டபோது பெர்தாம் பள்ளத்தாக்கு வெள்ளத்தில் மூழ்கி உயிர்கள் பறிபோயின. எச்சரிக்கைச் சங்கு கேட்டபின் சிக்கிய நூலை விடுவித்துக்கொண்டு நிற்பதற்கு நேரமில்லை. நூலை அறுத்துவிட்டுக் கரையேற வேண்டும். தடைப்பலகை உள்ள இடத்தில் தூண்டில் போடவே கூடாது. நன்னீர் மீன்பிடிப்பு மாநில அரசின் அதிகாரத்துக்கு உட்பட்டதாதலால், ஆற்றில் இறங்குவதற்கு முன் உரிமம் பற்றி மாவட்ட மீன்வள அலுவலகத்தில் கேட்டறிவதே முறை.

இனி, ஏமாற்றப்படுவதைப் பற்றி. மலிவுப் பின்னல் நூல்களில் உறை சொல்லும் வலுவும் நீளமும் உண்மையில் இல்லாதிருப்பது உண்டு. எட்டுப் புரி என்று அச்சிட்டு நான்கு புரியை விற்பதும் உண்டு. முனையைக் கத்தரித்து ஊசியால் பிரித்தால் புரிகளை எண்ணிவிடலாம். வலுவை அளக்க ஒரு வாளி போதும். முடிச்சு நூலின் வலுவைக் குறைக்கும் என்பதால், இரண்டு வழவழப்பான பிவிசி குழாய்த் துண்டுகளில் நூலின் இருமுனைகளையும் பத்துப் பன்னிரண்டு சுற்றுச் சுற்றிய பின்பே கட்ட வேண்டும். ஒன்றை உயரத்தில் பொருத்தி, மற்றதில் வாளியைத் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் தொங்கவிட்டு, லிட்டர் லிட்டராக நீர் ஊற்ற வேண்டும். ஒரு லிட்டர் நீர் ஒரு கிலோ. வாளியின் எடையையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். இருபது பவுண்டு என்றால் ஏறக்குறைய ஒன்பது கிலோ. ஐந்து லிட்டரிலேயே நூல் நடுவில் அறுந்தால் உறை பொய் சொல்கிறது. சுற்றிய இடத்தில் அறுந்தால் அது சான்றாகாது, மீண்டும் செய்ய வேண்டும். மூன்று முறை செய்து, உறையும் வாளியும் ஒரே சட்டகத்தில் தெரியும்படி கைப்பேசியில் பதிவு செய்துகொள்வது நல்லது.

ரசீதைப் பணம் கொடுத்த இடத்திலேயே படமெடுக்க வேண்டும். கடைகள் தரும் வெப்பத்தாள் ரசீது சில மாதங்களில் வெளிறி வெற்றுத்தாளாகிவிடும். வெற்றுத்தாளைக் கொண்டு எந்த அலுவலகமும் எதையும் செய்யாது. உறையை எறியக் கூடாது. இவ்விரண்டும் இல்லாமல் வருபவர்களே மிகுதி என்பதால் இதை மறுபடியும் சொல்ல வேண்டியிருக்கிறது: ரசீதின் படம், உறை.

1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்படி விற்கப்படும் பொருள் ஏற்கத்தக்க தரத்திலும், சொன்ன விவரிப்புக்கு ஒத்ததாகவும், வாங்குபவர் தெரிவித்த பயன்பாட்டுக்குப் பொருந்துவதாகவும் இருக்க வேண்டும். இந்த உறுதிகளை எந்தப் பலகையாலும் எந்த ஒப்பந்த வாசகத்தாலும் கடைக்காரர் நீக்கிவிட முடியாது. ஆனால் பொருளை மறுக்கும் உரிமை நியாயமான காலத்துக்குள் பயன்படுத்தப்பட வேண்டும் என்பதால், ஆறு மாதம் பயன்படுத்திவிட்டுப் புகார் சொல்வது எடுபடாது. முதலில் கடைக்கு எழுத்தில், வாட்ஸ்அப் செய்தியாகவேனும், குறையையும் வேண்டுவது மாற்றா பணமா என்பதையும் தெரிவித்து, பதிலைச் சேமித்துக்கொள்ள வேண்டும். இணையத்தில் வாங்கியவர்கள் சோதித்து முடிக்கும் வரை ‘பொருள் பெற்றேன்’ என்ற பொத்தானை அழுத்தக் கூடாது. அழுத்திய பின் பணம் விற்பவரிடம் போய்விடும், அவர் வெளிநாட்டில் இருந்தால் அதைத் திரும்பப் பெறுவது மிகக் கடினம்.

வலுவையோ நீளத்தையோ பொய்யாக அச்சிடுவது 2011ஆம் ஆண்டு வணிக விவரிப்புச் சட்டத்தின் கீழ்க் குற்றம். உள்நாட்டு வாணிபம் மற்றும் வாழ்க்கைச் செலவின அமைச்சின் 1-800-886-800 என்ற எண்ணில் புகார் செய்யலாம். அதன் அமலாக்க அதிகாரிகள் கடைக்காரர் மீது நடவடிக்கை எடுப்பார்கள், ஆனால் வாங்கியவரின் பணத்தை மீட்டுத்தருவது அவர்கள் வேலையன்று. இந்த வேறுபாட்டை முகப்பில் இருப்பவர்கள் முதலிலேயே சொல்லிவிட்டால் எத்தனையோ பேரின் வீண் அலைச்சல் மிச்சமாகும்.

பணத்துக்கு மலேசியப் பயனீட்டாளர் கோரல் நடுவர் மன்றத்தை நாட வேண்டும். 50,000 ரிங்கிட் வரையிலான கோரல்களை விசாரிக்கும் அம்மன்றத்தில் பதிவுக் கட்டணம் ஐந்து ரிங்கிட் மட்டுமே. வழக்கறிஞர் வைக்க இரு தரப்புக்கும் அனுமதியில்லை என்பதால் பெரிய கடைக்கும் தோட்டத் தொழிலாளிக்கும் அங்கே நிலை ஒன்றுதான். சம்பவம் நடந்து மூன்று ஆண்டுகளுக்குள் பாரம் 1ஐ நிரப்பி, ரசீது, உறையின் படம், கடைக்கு எழுதிய செய்தி ஆகியவற்றின் நகல்களை இணைக்க வேண்டும். எதிர்த்தரப்பின் பெயர்க் கட்டத்தில் பெயர்ப்பலகையில் உள்ளதை எழுதுவதே பெருந்தவறு. ரசீதின் மேற்பகுதியில் சிற்றெழுத்தில் இருக்கும் பதிவுப் பெயரையும் பதிவெண்ணையும் அப்படியே எழுத வேண்டும், ரசீதில் இல்லாவிட்டால் மலேசிய நிறுவனங்கள் ஆணையத்தின் தேடலில் எடுக்க வேண்டும். பெயர் தவறினால் தீர்ப்பு வந்தும் நிறைவேற்ற ஆளிருக்காது. விரல் அறுந்த காயத்துக்கான இழப்பீடு இம்மன்றத்தின் அதிகாரத்துக்கு அப்பாற்பட்டது. அதைக் கோரலில் சேர்த்துக் குழப்பக் கூடாது, நூலுக்கும் ரீலுக்கும் கொடுத்த பணத்தையும் நேர்ந்த செலவையும் மட்டுமே கேட்க வேண்டும். பாரம் நிரப்பத் தடுமாறுபவர்கள் பினாங்கு பயனீட்டாளர் சங்கத்திடம் தமிழிலேயே வழி கேட்கலாம்.

முப்பது ரிங்கிட் நூலுக்காக மன்றத்தை நாடிக் குவாந்தான் வரை போவதா என்ற கேள்வியில்தான் இத்தகைய விற்பனை தொடர்ந்து நடக்கிறது. இணையம் வழியாகவும் கோரலைப் பதியலாம். ஒரே கடையில் ஒரே நூலை வாங்கி ஏமாந்தவர்கள் தங்கள் கோரல்களை ஒரே சமயத்தில் பதிந்தால் கடைக்காரர் விசாரணைக்கு முன்பே பணத்தைக் கொடுத்துத் தீர்க்க முன்வருவதற்கு வாய்ப்பு மிகுதி. அப்படிக் கொடுத்தால் தீர்வை எழுத்தில் வாங்கிய பின்பே கோரலை மீட்டுக்கொள்ள வேண்டும். தீர்ப்பு வந்து 14 நாட்களுக்குள் கடைக்காரர் பணம் கொடுக்காவிட்டால் அது தண்டனைக்குரிய குற்றம். பதினைந்தாம் நாளே தீர்ப்பின் நகலோடு மன்ற அலுவலகத்தில் எழுத்தில் தெரிவித்து, அத்தாள் பெறப்பட்டதற்கான முத்திரையைத் தம் நகலில் வாங்கிக்கொள்ள வேண்டும்.