பட்டை தரும் மரங்கள்

சின்னமோமம் என்பது லாரேசியே குடும்பத்தைச் சேர்ந்த ஒரு பேரினம். பசுமை மாறாத மரங்களும் புதர்களும் இதில் அடங்கும். பெரும்பாலானவற்றின் இலையில் மூன்று நரம்புகள் எடுப்பாக ஓடும்; கசக்கினால் மணக்கும். இப்பேரினத்தைச் சேர்ந்த கறுவாவில் தளிர் சிவப்பாக விட்டுப் பிறகு பச்சையாகும்.

காரைக்கால் மாவட்டத்து நெடுங்காட்டின் நெல்வயல்களில் இவை வளர்வதில்லை. நீர் தேங்கும் மண் ஆகாது. ஆனால் அங்கே பிரியாணிக்குத் தாளிக்கும் பட்டை இந்தப் பேரினத்தின் கொடைதான். இமயமலைச் சாரலில் விளையும் பிரிஞ்சி இலையும் அப்படியே. கற்பூர மரமும் நெடுங்காலம் இதிலேயே வைக்கப்பட்டிருந்தது. அண்மை ஆய்வுகள் அதைத் தனிப் பேரினமாகப் பிரித்துவிட்டன.

இவற்றுள் தலையாயது இலங்கையின் கறுவா. மேற்குத் தொடர்ச்சி மலையிலும் உண்டு. ஏற்காடு தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் ஒய்.சி.டி 1 என்ற ரகத்தையே வெளியிட்டிருக்கிறது. மரத்தை உயர விடாமல் அடியோடு வெட்டி, துளிர்க்கும் கிளைகளை இரண்டு ஆண்டு வளர்ப்பார்கள். மழைக்குப் பின் சாறு ஓடும் பருவத்தில் பட்டை எளிதில் கழலும். மேல்தோலைச் சுரண்டி, பித்தளைக் கோலால் அழுத்தித் தேய்த்து, இருபுறமும் கீறி உள்பட்டையை முழுதாக உரிப்பார்கள். அது நிழலில் உலரும்போது தானே சுருளும். ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகிய மெல்லிய அடுக்குகளே சுருள் பட்டை. இவ்வளவும் கைவேலை, இதன் விலைக்குக் காரணமும் அதுவே.

இந்தப் பட்டைக்காகவே போர்த்துக்கீசியரும் டச்சுக்காரரும் இலங்கைக் கரையைப் பிடித்துவைத்திருந்தனர். 1656இல் கொழும்பைக் கைப்பற்றிய டச்சுக்காரர், காட்டுக் கறுவாவை மட்டும் நம்பாமல் பின்னர் தோட்டமும் போட்டார்கள். கொழும்பின் கறுவாத்தோட்டம் என்ற பகுதி அதன் மிச்சம். 2022இல் இலங்கைக் கறுவாவுக்கு ஐரோப்பிய ஒன்றியம் புவிசார் குறியீடு அளித்தது.

கடைகளில் பெரும்பாலும் கிடைப்பது வேறு: சீனா, வியட்நாம், இந்தோனேசியா நாடுகளின் காசியா. தடித்த ஒற்றைப் பட்டை, உடைக்கக் கடினம், காரம் தூக்கல். இதில் கூமரின் என்ற பொருள் அதிகம். கறுவாவில் மிகச் சொற்பம். கூமரின் அளவு மிஞ்சினால் சிலருக்குக் கல்லீரல் பாதிக்கப்படும். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம், உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.1 மில்லிகிராம் வரை தாங்கும் என்கிறது. குழம்பில் போடும் துண்டால் கவலையில்லை. மருந்தென்று தினமும் கரண்டி கரண்டியாகத் தூள் சாப்பிடுவோர்தான் யோசிக்க வேண்டும்.

இந்திய உணவு விதிகள் கறுவா, காசியா இரண்டுக்கும் தனித்தனித் தரம் வகுத்துள்ளன. கடையில் இரண்டுமே பட்டை என்ற பெயரில் விற்கப்படுவது வாங்குவோருக்குச் செய்யும் நியாயமல்ல. தூளாக்கியபின் கண்ணால் பிரித்தறிய முடியாது. சுருளாகவே வாங்கி வீட்டில் பொடித்துக்கொள்வது நல்லது.